பறக்காத விமானங்களின் காலை அழைப்பு

கட்டுப்பாட்டு அறையில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்கு நாலு வார்த்தை எழுதித் தரும்படி கேட்டார்கள். ஓய்வு பெற்றவனிடம் நாலு வார்த்தை கேட்டால் நாற்பதாகத்தான் வரும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

உங்களில் ஒரு பெண் என்னிடம் போனில் கேட்டாள்: "சார், ஊரடங்கு சமயத்துல எத்தனையோ ஏர்லைன்ஸ் படுத்துருச்சு. நம்ம கம்பெனி மட்டும் எப்படி சார் எந்திரிச்சது?"

பத்திரிகைக்காரர்கள் அதற்குப் பல காரணம் எழுதியிருக்கிறார்கள். குத்தகை விமானங்களை நேரத்தோடு திருப்பிக் கொடுத்தோம். பயணிகள் உட்காரும் இருக்கைகளில் மருந்துப் பெட்டிகளைக் கட்டி அனுப்பினோம். பெரிய ஊர்களை விட்டுச் சின்ன ஊர்களைப் பிடித்துக்கொண்டோம். எல்லாம் உண்மைதான். ஆனால் என்னைக் கேட்டால், ஒரு மயில் கத்தியதால் பிழைத்தோம் என்பேன். சிரிக்க வேண்டாம். முழுதும் படித்துவிட்டு அப்புறம் சிரியுங்கள்.

ஊரடங்கு வந்ததும் பெங்களூர் அலுவலகத்தைப் பூட்டிவிட்டு ஆளுக்கொரு திசையில் ஊர் போய்ச் சேர்ந்தோம். நான் நல்லம்பள்ளிக்கு வந்தேன். எங்கள் வீட்டு மாடியில் நின்றால் தொப்பூர் பக்கத்து மலை தெரியும். அதற்கு மேலே எப்போது பார்த்தாலும் ஒரு விமானமாவது வெள்ளைக் கோடு இழுத்துக்கொண்டு போகும். அந்த வானம் காலியாக இருந்து நான் பார்த்ததே இல்லை. இப்போது காலியாக இருந்தது. கீழே நெடுஞ்சாலையில் லாரிச் சத்தமும் நின்றுவிட்டது. பட்டப்பகலில், நல்ல வெயிலில், காது அடைத்துக்கொண்ட மாதிரி ஓர் அமைதி. சொன்னால் என்ன, எனக்குப் பயமாக இருந்தது. மாடிக்குப் போவதையே நிறுத்திவிட்டேன்.

நிறுத்தி வைத்திருந்த விமானங்களின் படங்களை இஞ்சினியர்கள் அனுப்புவார்கள். இஞ்சின் வாயில் சிவப்புத் துணி கட்டியிருக்கும். விமானி உட்காரும் கண்ணாடிக்கு வெள்ளித்தாள் ஒட்டியிருக்கும். செக்கு மாட்டுக்குக் கண்ணைக் கட்டி நிறுத்திய மாதிரி வரிசையாக நிற்கும். அந்தப் படங்களை என் வீட்டுக்காரி பார்க்க மாட்டேன் என்றுவிட்டாள்.

அப்போது நமது நிறுவனத்தை நடத்தியவரை நாங்கள் மேடம் என்றுதான் சொல்வோம். பெயர் வேண்டாம், அவருக்குப் பிடிக்காது. எல்லோரும் கதவைச் சாத்திவிட்டு உட்கார்ந்திருந்த நாளில் அவர் ஒரே ஓர் உத்தரவு போட்டார். காலை அழைப்பு நிற்கக் கூடாது.

காலை அழைப்பு உங்களுக்குத் தெரியும். முதல் விமானம் கிளம்பும் முன் கட்டுப்பாட்டு அறையிலிருந்து ஒவ்வொரு ஊரையும் ஒவ்வொரு பிரிவையும் பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டும். அவர்கள் 'ரெடி' என்று சொல்லலாம், அல்லது 'நாட் ரெடி' என்று சொல்லலாம். மூன்றாவது வார்த்தை கிடையாது. காரணமெல்லாம் பிறகு. நாட் ரெடி சொன்னவரை யாரும் திட்டக் கூடாது என்பதும் விதி. இது நம் தொழிலின் பழைய வழக்கம். ஆனால் பறக்க ஒரு விமானமும் இல்லாதபோது இதை நடத்தியது நாங்கள் மட்டும்தான் என்று நினைக்கிறேன்.

"பறக்கலைன்னாலும் விடியுதுல்ல? விடிஞ்சா கூப்பிடுங்க சார்" என்றார் மேடம்.

கூப்பிட்டேன். வீட்டில் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து, பழைய கால அட்டவணையை வைத்துக்கொண்டு, இல்லாத விமானங்களுக்கு ஊர் ஊராகக் கூப்பிட்டேன். எல்லா ஊரும் ரெடி என்றது. வாரங்கள் போகப் போக அது ஒரு மாதிரி ஆகிவிட்டது. எங்கள் விமானம் ஒன்றுகூடத் தாமதமாகவில்லை. ஒருவர் பெட்டியும் தொலையவில்லை. எந்த ஊரிலும் யாருக்கும் உடம்பு சரியில்லாமல் போகவில்லை. என் பணிக்காலம் முழுக்க அப்படி ஒரு சுத்தமான கம்பெனியை நான் பார்த்ததில்லை.

காபி கொண்டுவந்த என் வீட்டுக்காரி ஒருநாள் நின்று கேட்டாள். "இல்லாத பிளேனுக்கு இத்தனை பேரு ரெடிங்கறாங்களே, யாருகிட்டங்க பேசிட்டு இருக்கீங்க? சாமியாடறவங்க கூட்டமாட்ட இருக்குது."

"கம்முனு போடி" என்றேன். ஆனால் அன்று முழுக்க அந்தக் கேள்வி தொண்டையில் மீன் முள்ளாகக் குத்திக்கொண்டே இருந்தது.

கோயம்புத்தூர் விமான நிலையத்தில் நமக்குப் பொறுப்பாளராக இருந்தவர் மாதையன். கம்பைநல்லூர்க்காரர், எங்கள் ஜில்லா. ஊரடங்கில் அவரும் ஊருக்குத்தான் போயிருந்தார். மற்றவர்கள் இங்கிலீஷில் வெட்டென்று பதில் சொல்லும்போது அவர் மட்டும் ஒரு வால் சேர்ப்பார். "கோயம்புத்தூர் ரெடிங்க மேடம், வானம் சுத்தமுங்க." அதைக் கேட்டால் அழைப்பில் இருக்கும் எல்லோருக்கும் கொஞ்சம் சிரிப்பு வரும். அந்த நாட்களில் அது ஒன்றுதான் மனுஷக் குரலாக இருந்தது.

அதே சமயம் ஒரு வதந்தி கிளம்பியது. பாதிப் பேரை வீட்டுக்கு அனுப்பப் போகிறார்கள், காலை அழைப்பில் பதில் சொல்லாதவர்களைத்தான் முதலில் எடுப்பார்கள் என்று. மேடம் அப்படி ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. ஆனால் பயம் வந்துவிட்டால் யார் சொன்னது என்று யாரும் கேட்பதில்லை.

ஒருநாள் மாதையன் பதில் சொன்னபோது பின்னால் ஒரு மயில் கத்தியது. 'சுத்தமுங்க' என்று முடிக்கும் இடத்தில், சரியாக ஒரு தடவை. தென்பெண்ணை ஓரத்து ஊர், மயிலுக்கு என்ன பஞ்சம் என்று சிரித்துக்கொண்டேன். மறுநாளும் கத்தியது, அதே இடத்தில். அதற்கு மறுநாளும். 'மேடம்' சொன்ன பிறகு அவர் லேசாகத் தொண்டையைச் செருமுவார், பிறகு வானம், பிறகு சுத்தம், பிறகு மயில். மயில் என்ன நம் கம்பெனி ஊழியரா, டைம்டேபிள் பார்த்துக் கத்த?

நான் யாரிடமும் சொல்லவில்லை. வீட்டிலேயே அடைந்து கிடக்கிறோம், நமக்குத்தான் மூளை கலங்கிவிட்டது என்று நினைத்தேன். பிறகு ஒரு காலையில் தர்மபுரிப் பக்கம் முழுக்க மழை ஊற்றியது. எங்கள் வீட்டுத் தகரத்தில் விழும் சத்தத்தில் நான் கத்திக் கத்திப் பெயர் வாசித்தேன். மாதையன் குரல் வந்தது. வானம் சுத்தம். மயில். பின்னால் ஒரு சொட்டு மழைச் சத்தம் இல்லை.

விதியை மீறி, "மாதையா, அங்க மழை இல்லியா?" என்று கேட்டேன்.

பதில் இல்லை. அழைப்பில் இருந்த அத்தனை பேரும் காத்திருந்தார்கள். கிணற்றில் போட்ட கல்லாக இருந்தது. நான் அடுத்த ஊருக்குப் போய்விட்டேன். கொஞ்ச நேரம் கழித்து என் போனுக்கு எழுத்தில் ஒரு செய்தி வந்தது: "லைன் சரியில்லீங்க சார். இங்கயும் மழைதான்."

மறுநாள் விடிந்ததும் வண்டியை எடுத்தேன். அனுமதிச் சீட்டு வாங்கி வைத்திருந்தேன். வழியெல்லாம் கடைகள் மூடிக் கிடந்தன. கம்பைநல்லூரில் சந்தைத் திடலில் ஒரு ஆள் இல்லை, நாய்கள்கூட நிழலில் சத்தமில்லாமல் படுத்திருந்தன. மாதையன் வீட்டு கேட்டுக்கு நான் போய்ச் சேரவும் காலை அழைப்புக்கு நேரமாகவும் சரியாக இருந்தது. காதில் இயர்போனை மாட்டிக்கொண்டேன்.

கேட் திறந்திருந்தது. வாசல் வேப்ப மரத்தடியில் பிளாஸ்டிக் நாற்காலியில் மாதையன் உட்கார்ந்திருந்தார், என்னைப் பார்த்தபடி. கையைத் தூக்கினேன். அவர் தூக்கவில்லை. மேடம் அழைப்பில் வந்துவிட்டார், நான் ஆரம்பித்தாக வேண்டும். கேட்டைப் பிடித்துக்கொண்டே வாசித்தேன். இரண்டு மூன்று பெயர்களுக்குப் பிறகு, அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டே, "கோயம்புத்தூர்" என்றேன்.

"கோயம்புத்தூர் ரெடிங்க மேடம்..."

குரல் வீட்டுக்குள்ளிருந்து வந்தது. கண் மூடித் திறப்பதற்குள் அதே குரல் என் காதிலும் வந்தது. வானம் சுத்தமுங்க. மயில் இரண்டு தடவை கத்தியது, வீட்டுக்குள் ஒரு தடவை, என் காதுக்குள் ஒரு தடவை. மாதையன் என் எதிரே உட்கார்ந்திருந்தார். அவர் உதடு அசையவில்லை.

நடுப்பகல் வெயில்கூட இல்லை, இளவெயில், ஆனாலும் முதுகில் வியர்வை ஓடியது. ஆனால் இந்தத் தொழிலில் உடம்பு ஊறிப்போயிருக்கும் பாருங்கள், வாய் தானாக "மதுரை" என்றது. மதுரை ரெடி என்றது. கடைசிப் பெயர்வரை வாசித்து முடித்துவிட்டுத்தான் கேட்டுக்குள் காலை வைத்தேன்.

மாதையனின் மனைவி கௌரி வெளியே வந்தார். இரண்டு கையிலும் இரண்டு போன். என்னைப் பார்த்ததும் ஒன்றை முந்தானையில் மறைத்தார். அப்புறம் மறைத்து என்ன ஆகப்போகிறது என்று தோன்றியிருக்க வேண்டும், வெளியே எடுத்துவிட்டார்.

"வாதம் அடிச்சிருச்சுங்க சார். கையி காலு தேவலைங்க, எந்திரிச்சு நடக்கறாரு. சொன்னா எல்லாம் புரியுதுங்க. பேச்சு மட்டும் வரலீங்க."

"எங்களுக்கு ஒரு வார்த்தை சொல்லலாமில்லம்மா?"

"சொன்னா பேரை எடுத்துருவாங்கன்னாங்களே. கூப்பிட்டா பதில் சொல்லாதவங்களைத்தான் மொதல்ல வூட்டுக்கு அனுப்பறாங்களாமே. இந்த வூட்டுல இவரு சம்பளம்தான சார்." கௌரி போனைக் காட்டினார். "ஒருக்கா டவர் கெடைக்கலைன்னு உங்களுக்கு வாய்ஸ் மெசேஜ் போட்டாரில்லீங்களா, அதைத்தானுங்க இந்தப் போன்ல ஓட்டி அந்தப் போன்ல கேக்க வெக்கறேன். பொய்யினு தெரியுமுங்க. ஆனா அவரு ரெடிதானுங்க சார். உள்ளுக்குள்ள எல்லாம் ரெடியாத்தான் இருக்காரு. வாயிதான் வரலை."

நான் மாதையனைப் பார்த்தேன். அவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இது ஓடறப்ப அவரு வூட்டுக்குள்ள இருக்க மாட்டேங்கறாருங்க. வெளிய வந்து உக்காந்துக்கறாரு. அவரு குரலை அவராலயே கேக்க முடியலை."

மாதையன் கௌரியிடமிருந்து ஒரு போனை வாங்கி இடது கையால் ஏதோ தட்டி என்னிடம் நீட்டினார். "மேடம்கிட்ட சொல்லாதீங்க சார்" என்று எழுதியிருந்தது.

இங்கே கொஞ்சம் நில்லுங்கள். உங்களுக்கும் இப்படி ஒரு காலை வரும். வாயை மூடிக்கொண்டு வந்துவிட்டால் ஒரு குடும்பம் பிழைக்கும், உங்களை யாரும் கேட்கவும் மாட்டார்கள். எனக்கும் அதுதான் ஆசையாக இருந்தது. ஆனால் 'ரெடி' என்ற அந்த ஒரு வார்த்தையை நம்பித்தான் நாம் பிள்ளை குட்டிகளோடு வரும் சனங்களை ஏற்றி அனுப்புகிறோம். யாரோ ஓட்டிவிடும் பதிவுக்கு அந்த வார்த்தையை விட்டுக்கொடுத்தால், வானம் திறக்கிற நாளில் என்ன ஆகும்?

"நான் மேடம்கிட்ட சொல்லத்தான் போறேன் மாதையா" என்றேன். "ஆனா உங்களுக்குத் தெரியாம சொல்ல மாட்டேன். இங்கிருந்து போய்ச் சொல்லப் போறேன். என்ன சொன்னேன்னு உங்களுக்கும் சொல்லுவேன்."

கௌரி என்னை நேராகப் பார்த்தார். "அப்ப எங்க வயித்துல அடிச்சிட்டுப் போங்க சார்."

மாதையன் முகத்தை மரத்தின் பக்கம் திருப்பிக்கொண்டார்.

ஆற்றுப் பாலத்தில் வண்டியை நிறுத்தி மேடத்தைக் கூப்பிட்டேன். ஒன்று விடாமல் சொன்னேன். 

"மாதையனோட மயில் உங்களுக்குக் கேட்டுருச்சு" என்றார் மேடம். "மத்தவங்க மயில்?"

"புரியலீங்க மேடம்."

"தினமும் எல்லாரும் ரெடி ரெடின்னு சொல்றாங்களே சார். ஒரு நாளாவது ஒருத்தராவது இல்லைன்னு சொன்னாங்களா? இதுல எத்தனை குரல் உசுரோட பேசுது? நான் இத்தனை நாளா யார்கிட்ட பேசிட்டு இருக்கேன்?"

என் வீட்டுக்காரி கேட்ட அதே கேள்வி. சுற்றிலும் ஒரு மனிதர் இல்லாத அந்தப் பாலத்தில் நின்றுகொண்டு அதைக் கேட்டபோது எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. மாதையனுக்குப் பதிவை ஓட்ட ஒரு போன் தேவைப்பட்டது. மற்றவர்கள் எல்லோரும் போன் இல்லாமலே பதிவைத்தான் ஓட்டிக்கொண்டிருந்தோம்.

"மாதையன் பேரு என்ன ஆகும் மேடம்?" என்று கேட்டேன்.

"நாளைக்குக் கூப்பிடுங்க" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டார்.

அதை அப்படியே கௌரிக்குப் போனில் சொன்னேன். கேட்டதும் போனை வைத்துவிட்டார்.

மறுநாள் காலை நான் வாயைத் திறக்கும் முன் மேடம் குறுக்கிட்டார். "இன்னிக்கு ஹெட் ஆபீஸ்ல இருந்து ஆரம்பிங்க சார்."

அப்படி ஒரு வழக்கமே இல்லை. தலைமை அலுவலகத்தை யார் கூப்பிடுவார்கள்? கூப்பிட்டேன். "ஹெட் ஆபீஸ்."

"நாட் ரெடி" என்றார் மேடம்.

அவரே தொடர்ந்தார். "அடுத்து என்ன செய்யறதுன்னு எனக்குத் தெரியல. தெரிஞ்ச மாதிரி தினமும் உங்க முன்னாடி உக்காந்திருந்தேன். அவ்வளவுதான். அடுத்தது படிங்க சார்."

வரிசையை விட்டு அந்தப் பெயருக்கே தாவினேன். "கோயம்புத்தூர்" என்றேன்.

காத்திருந்தோம். அந்தச் செருமல் வரும், அந்த மயில் வரும் என்று என் காது தன்னால் எதிர்பார்த்தது. வந்தது ஒரு பெண் குரல்.

"கோயம்புத்தூர்... ரெடி இல்லீங்க மேடம். அவருக்கு வாதம் வந்து பேச்சு நின்னு போச்சுங்க. நான் அவரு சம்சாரம் பேசறேனுங்க."

"சரிம்மா. குறிச்சுக்கிட்டோம். அவர் பேரு இருக்கற இடத்துலயேதான் இருக்கும், யாரும் எடுக்க மாட்டாங்க. அடுத்தது."

கௌரி போனை அணைக்க மறந்துவிட்டார். எங்கோ தூரத்தில், சம்பந்தமே இல்லாத நேரத்தில், ஒரு மயில் கத்தியது.

"மதுரை" என்றேன். மதுரை தயங்கியது. "நாட் ரெடி சார்." திருச்சி, நாட் ரெடி. இஞ்சினியரிங், நாட் ரெடி. ஒருவர் பின் ஒருவராகச் சொல்லச் சொல்ல, பொழுது விடிகிற மாதிரி இருந்தது எனக்கு. ஓர் ஊரில் பாதி ஆட்கள் காய்கறி விற்கப் போயிருந்தார்கள். ஓர் ஊரில் ஏணி வண்டியின் வயரை எலி தின்றுவிட்டிருந்தது. பல விமானிகள் செய்ய வேண்டிய பயிற்சி தள்ளிப்போயிருந்தது. ஒரு பொறுப்பாளர் காய்ச்சலோடு படுத்துக்கொண்டே ரெடி சொல்லிவந்திருக்கிறார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்த கூட்டம்தான் நாங்கள் அத்தனை பேரும். அன்றுதான் நமக்கு உண்மையில் ஒரு கம்பெனி இருப்பது தெரிந்தது. ஓட்டையும் உடைசலுமாக, ஆனால் உயிரோடு.

மற்றதெல்லாம் அதற்குப் பிறகு நடந்தவை. உள்ளது இவ்வளவுதான் என்று தெரிந்ததால்தான் மேடத்தால் எதை வைத்துக்கொள்வது, எதை விடுவது என்று முடிவெடுக்க முடிந்தது. வானம் திறந்தபோது வேறு சிலர் பழைய அட்டவணையை முழுசாக அறிவித்துவிட்டு, ஆள் இல்லாமல், வண்டி இல்லாமல் திண்டாடினார்கள். நாம் கையில் இருந்ததை மட்டும் பறக்கவிட்டோம்.

மாதையனை பெங்களூருக்கு வரவழைத்து வானிலை மேசையில் உட்கார வைத்தார்கள். திரையைப் பார்த்து எழுத்தில் சொன்னால் போதும், பேச வேண்டியதில்லை. இன்றும் அங்கேதான் இருக்கிறார். அவர் பேச மாட்டார் என்று நீங்கள் ஒதுங்கிப் போகிறீர்கள் என்று கேள்விப்பட்டேன். இனிமேல் போகாதீர்கள்.

முதல் விமானம் கிளம்பிய நாளைச் சொல்லி முடிக்கிறேன். கோயம்புத்தூருக்குத்தான் முதல் பயணம். மாலை, பூசணிக்காய், போட்டோக்காரர்கள் என்று விமான நிலையத்தில் ஒரே கூட்டம். நான் கட்டுப்பாட்டு அறையில் வரிசையாகக் கூப்பிட்டு வந்தேன். எல்லோரும் ரெடி என்றார்கள், இந்தத் தடவை நிஜமாக. கடைசியில் "வெதர்" என்றேன். மாதையன் ஒற்றைக் கையால் தட்டினார். பெரிய திரையில் எழுத்து விழுந்தது.

"நாட் ரெடிங்க. வானம் சுத்தமில்லீங்க."

கோயம்புத்தூர்ப் பக்கம் இடிமேகம் ஒன்று திரண்டுகொண்டிருந்தது. சின்னதுதான். சுற்றிப் போய்விடலாம், இத்தனை பேர் முன்னால் முதல் விமானத்தை நிறுத்தினால் அபசகுனம் என்று ஒரு பெரிய அதிகாரி மேடத்தின் காதில் சொன்னார். மேடம் திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

"அவர் ரெடி இல்லைன்னா ரெடி இல்லை. நிறுத்துங்க."

நிறுத்தினோம். போட்டோக்காரர்கள் முணுமுணுத்தார்கள், மாலை வாடியது. கொஞ்ச நேரத்தில் அந்த மேகம் பெரிதாகி கோயம்புத்தூர் ஓடுபாதை மேலேயே கொட்டித் தீர்த்தது. அது ஓய்ந்த பிறகு மாதையன் இரண்டே வார்த்தை தட்டினார், விமானம் கிளம்பியது.

அன்று மாலை கௌரி என்னைப் போனில் கூப்பிட்டார். அந்தப் பாலத்து நாளுக்குப் பிறகு என்னோடு அவர் பேசியதே இல்லை.

"சார், அந்த வாய்ஸ் மெசேஜ் இருந்துச்சில்லீங்களா, இப்பத்தான் அழிச்சேனுங்க."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "ஏம்மா அழிச்ச? எங்கிட்ட வந்தது எப்பவோ போயிருச்சு, அவரு குரலு அது ஒண்ணுலதான இருந்துச்சு?"

"அவரு சொன்னாருன்னு இன்னிக்கு ஒரு பிளேனே நின்னுச்சாமே சார்" என்றார் கௌரி. "அதுக்கு மேல என்னங்க குரலு வேணும்?"